தண்ணீரில் விளக்கெரித்த மாளிகை

திருவாரூரில் நமிநந்தியடிகள் தண்ணீர் ஊற்றி விளக்கெரித்த கதையைச் சிறுவயதில் கேட்காதவர் நம்மில் குறைவு. தண்ணீரால் விளக்கெரித்த இன்னொருவரின் வீட்டை நான் இங்கிலாந்தின் வடக்கே பார்த்தேன். இவர் அடியாரல்ல, பீரங்கி செய்து விற்றவர்.

நியூகாசிலில் வேலையிலிருக்கும் மகனிடம் நானும் என் மனைவியும் போயிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்பரி என்ற சிற்றூருக்குக் காரில் அழைத்துப் போனான். 1870-இல் அங்கே ரயில் வந்தது; 1952-இல் பயணிகள் வண்டியை நிறுத்தினார்கள், 1963-இல் சரக்கு வண்டியையும் நிறுத்திவிட்டார்கள். (ரயில்வேக்காரன் முதலில் விசாரிப்பது இதைத்தானே!) ஊரை ஒட்டிய பாறைச் சரிவில் நிற்கிறது கிராக்சைட் மாளிகை.

கட்டியவர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங். வக்கீல் தொழிலை விட்டு இயந்திரத் தொழிலுக்கு வந்தவர். நீரழுத்தத்தால் இயங்கும் கிரேன் செய்து பெயர் பெற்றார். பிறகு பீரங்கி, போர்க்கப்பல். வேட்டைக்கு வந்தால் தங்க 1863-இல் சிறியதாகத் தொடங்கிய வீடு, நார்மன் ஷா என்ற கட்டடக்கலைஞர் கையில் பெரிய மாளிகையாகிவிட்டது. வரவேற்பறையில் 10 டன் எடையுள்ள பளிங்குக் கணப்பு இருக்கிறது. எல்லோரும் வேலைப்பாட்டை ரசித்தார்கள். நான் எப்படித் தூக்கி நிறுத்தினார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையான அதிசயம் தண்ணீர்தான். ஓடைகளைத் தடுத்து ஐந்து ஏரிகள் அமைத்தார். ஓடையின் விசையாலேயே பம்பை ஓட்டித் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றி, அந்த அழுத்தத்தில் வீட்டின் லிப்ட்டை இயக்கினார். சமையலறையில் இறைச்சி வாட்டும் கம்பியும் தண்ணீர் விசையில்தான் சுழன்றது. "ஏங்க, அந்தக் காலத்திலேயே சமையல்கட்டைப் பற்றி யோசித்த ஆம்பிளை!" என்றாள் மனைவி. நான் பதில் சொல்லவில்லை.

1878-இல் தண்ணீரால் டைனமோ ஓட்டிப் படக்கூடத்தில் ஆர்க் விளக்கு ஏற்றினார். 1880-இல் நண்பர் ஜோசப் ஸ்வானின் பல்புகள் வந்தன. உலகிலேயே நீர்மின்சாரத்தில் விளக்கெரிந்த முதல் வீடு இதுதான். நூலகத்து விளக்குகள் எனாமல் பூசிய செப்பு ஜாடிகளின் மேல் உள்ளன. சுவிட்ச் கிடையாது. அடியில் பாதரசக் கிண்ணம். ஜாடிக்குள்ளிருந்து வரும் கம்பியின் நுனி அதில் தோயும், மின்சாரம் திரும்பிப் போக ஜாடியின் செம்பே வழி. ஜாடியைத் தூக்கினால் விளக்கு அணையும், வைத்தால் எரியும். இந்த எளிமைக்கு முன் நான் படித்த டிப்ளமா கொஞ்சம் கூசியது.

தோட்டமும் சாதாரணமல்ல. மொட்டை மலையில் 70 லட்சத்துக்கும் மேல் மரமும் செடியும் நட்டதாகச் சொல்கிறார்கள். வீட்டுக்குக் கீழே பாறைத் தோட்டம், பள்ளத்தாக்கின் குறுக்கே இரும்புப் பாலம், எங்கும் ரோடோடெண்ட்ரான். நம் நீலகிரி உச்சியிலும் இதன் இனம் உண்டு. பழமரங்களுக்கென்று ஒரு கண்ணாடி வீடு. எல்லாப் பக்கமும் வெயில் படும்படி அங்குள்ள பெரிய தொட்டிகளைத் திருப்பலாம். எஞ்சின் திருப்பும் டர்ன்டேபிளைச் சின்னதாகச் செய்த மாதிரி!

பாறைத் தோட்டத்துப் படிகள் செங்குத்து. மூட்டுவலியால் மனைவி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இவருடைய பீரங்கிகள் இரண்டு தரப்புக்குமே விற்கப்பட்டன என்று மகன் அங்கேதான் சொன்னான்.

"இந்தப் பூவெல்லாம் அந்தக் காசுதானா?" என்று கேட்டாள் அவள்.

ஆம் என்பதைத் தவிர என்ன சொல்ல? ஆனாலும் இதே மனிதர் 1863-இலேயே, இங்கிலாந்தின் நிலக்கரி ஒருநாள் தீரும் என்று அறிஞர் சபையில் எச்சரித்தவர். நிலக்கரியால் செழித்த ஊரில் நின்றுகொண்டு அப்படிப் பேச நெஞ்சுரம் வேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

1945-இல் மாளிகைக்குப் பொது மின்சாரம் வந்தது. 1977 முதல் நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது. ஏரித் தண்ணீரில் மீண்டும் மின்சாரம் எடுக்க 2014-இல் 17 மீட்டர் நீளமுள்ள ஆர்க்கிமிடிஸ் திருகை வைத்திருக்கிறார்கள். 12 கிலோவாட் தரும். கிளம்பும்முன் அதைப் பார்க்க இறங்கினேன். தண்ணீர் மேலிருந்து விழ, திருகு அவசரமில்லாமல் சுழன்றது. மகன் இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகுதான் காருக்குத் திரும்பினேன்.