எடைமேடையில் நின்ற வீடு



ஆகஸ்ட் மாதத் திருவிழாவுக்கு மடுவுக்குச் செல்ல ஆயத்தமாகும் குடும்பங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தறப்பாள், பாய், அரிசி, விறகு, சட்டிபானை என்று வாகனம் நிரம்பி வழியும். ‘இதுவும் தேவைப்படும், அதுவும் தேவைப்படும்’ என்ற குரல் இறுதி நிமிடம் வரை கேட்டுக்கொண்டேயிருக்கும். கடல் கடந்த நாடொன்றில் அதே குரலை நான் கேட்ட ஒரு நாளின் அனுபவத்தை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கோடை காலத்தில், கனடாவின் ரொறன்ரோ நகரில் வாழும் எம்மவர் மத்தியில் பணிபுரியச் சென்றிருந்தேன். அங்கே எனக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தினர் ஐந்து வாரப் பயணம் ஒன்றுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தனர். கியூபெக் மாநிலத்திலுள்ள புனித அன்னம்மாளின் போப்ரே திருத்தலத்தைத் தரிசித்து, அங்கிருந்து அத்திலாந்திக் கரைவரை சென்று, வழிநெடுகப் பூங்காக்களில் முகாமிட்டுத் தங்குவது அவர்களது திட்டம். இதற்கென மோட்டார் ஹோம் எனப்படும் வீட்டு வாகனமொன்றை அவர்கள் வைத்திருந்தனர். சமையலறை, படுக்கை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி யாவும் கொண்ட, சில்லுப் பூட்டிய வீடு அது. முகாமிட்ட இடத்திலிருந்து கடைக்கோ கோவிலுக்கோ போய்வருவதற்காக ஒரு சிறிய காரையும் அதன் பின்னால் தொடுத்து இழுத்துச் செல்வார்கள்.

குடும்பத் தலைவர் அறுபது வயதைக் கடந்தவர். பொதி கட்டும் பணி முழுவதும் அவருடையதே. அரிசி மூடைகள் மூன்று, மா, சீனி, மிளகாய்த்தூள், கருவாடு, பேணிகளில் அடைத்த மீன், இடியப்ப உரல், திருவலை, அரைக்கும் இயந்திரம், இரும்புச் சட்டிகள், ஆயுதப் பெட்டி இரண்டு என எல்லாம் ஏறின. தண்ணீர்த் தொட்டியும் விளிம்புவரை நிரப்பப்பட்டது. உள்ளே இடமில்லாது போனவற்றைக் காருக்குள் அடுக்கினார். “காருக்குள்ளை வைச்சால் இதுக்குப் பாரமில்லைத்தானே, சுவாமி” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

புறப்படுவதற்கு முதல்நாள், அவரது மருமகன் அந்த வாகனத்தைப் பாரவூர்திகளை நிறுக்கும் எடைமேடைக்குக் கொண்டுசென்றார். நானும் உடன் சென்றேன். இத்தகைய வாகனங்களில், பொருட்களும் ஆட்களும் ஏறிய பின் எவ்வளவு எடைவரை செல்லலாம் என்பதைத் தயாரித்தவர்கள் ஒரு தகட்டிலே பொறித்திருப்பார்கள். முன் அச்சு எவ்வளவு தாங்கும், பின் அச்சு எவ்வளவு தாங்கும் என்பதும் அதில் உண்டு. பின்னால் இழுக்கப்படும் காரையும் சேர்த்து மொத்த எடைக்கு இன்னோர் எல்லை உண்டு. அந்த எல்லை மீறப்பட்டால் சில்லுகள் சூடேறி வெடிக்கலாம். இறக்கத்தில் தடை பிடிக்காமல் போகலாம். காரில் ஏற்றிய பாரமும் இறுதியில் அதே இயந்திரம் இழுக்கவேண்டிய பாரம்தான், அதே பயணத்தில் நிறுத்தப்படவேண்டிய பாரம்தான்.

எடைமேடை பொய் சொல்லவில்லை. எல்லையைவிட 260 கிலோ அதிகம் என்று காட்டியது. பெரும்பகுதி பின் அச்சின்மீதே இருந்தது. பின் அச்சுக்கும் அப்பால், வாகனத்தின் வாற்புறத்திலே பாரமானவற்றை அடுக்கினால் முன்புறம் இலேசாகி, திசைமாற்றியின் பிடி தளர்ந்துவிடும் என்று மருமகன் விளக்கினார். பாரமானவை கீழேயும் அச்சுகளுக்கு அண்மையிலும் இருக்கவேண்டும். இலேசானவை மேல் அலுமாரிகளில் இருக்கவேண்டும். இடமும் வலமும் சமமாக இருக்கவேண்டும்.

வீடு திரும்பியதும் இறக்கும் வேலை தொடங்கியது. முதலில் தண்ணீர். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டியிலிருந்த 150 லீற்றரில் 100 லீற்றரைத் திறந்துவிட்டால் 100 கிலோ குறைந்துவிடும். “போற இடமெல்லாம் தண்ணிக் குழாய் இருக்குது மாமா. இங்கையிருந்து ஏன் சுமப்பான்?” என்று மருமகன் கேட்டார். மாமனார் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மீதி 160 கிலோவுக்காக அரிசி மூடையில் கை வைத்தபோது அவர் தடுத்தார். குரல் நடுங்கியது.

“சுவாமி, உங்களுக்குத் தெரியாததே? தொண்ணூற்றைஞ்சிலை நாங்கள் ஒண்டையும் எடுக்காமல் வெளிக்கிட்டனாங்கள். பிள்ளையளுக்குக் குடுக்க ஒரு பிடி அரிசி இல்லை. இனி ஒருநாளும் வெறுங்கையோடை வெளிக்கிடமாட்டன் எண்டு அண்டைக்கு முடிவெடுத்தனான்.”

அன்புக்குரியவர்களே, அவ்வேளை எனக்கு எந்த மறையுரையும் நாவில் வரவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது எனக்கு வயது 14. மழையிலே, நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்த அந்தச் சனத்திரளில் நானும் ஒருவன். எங்கள் குடும்பத்தின் உடைமை முழுவதும் ஒரு துவிச்சக்கர வண்டியில் இருந்தது. பொதி கட்ட எமக்குக் கிடைத்தது ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அம்மா எடுத்தவை பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு பானை, ஒரு செபமாலை. ஆகவே அந்த மனிதரின் அச்சத்தைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது ஆறாத காயம்.

பையும் பணமும் இன்றிப் போகும்படி இயேசு தம் சீடரை அனுப்பினார் என்பதை லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இந்தப் பகுதியை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அதே நற்செய்தியின் 22ஆம் அதிகாரத்தை மறந்துவிடுகிறோம். அங்கே, அப்படி அனுப்பப்பட்டபோது ஏதாவது குறைவுபட்டதா என்று ஆண்டவர் அவர்களிடமே கேட்கிறார். ஒன்றும் குறைவுபடவில்லை என்கின்றனர். அதன்பின், இப்போது பை உள்ளவர் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று அவரே சொல்கிறார். பொதி கட்டுவது குற்றமன்று. ஆனால் பொதியைப் பற்றிப் பேசுமுன், இதுவரை நடத்தப்பட்டதை நினைத்துப்பார்க்கும்படி ஆண்டவர் கேட்கிறார்.

அதையே நானும் அவரிடம் கேட்டேன். “அண்ணை, அண்டைக்கு ஒண்டுமில்லாமல் வந்தனீங்கள். பிறகு பிள்ளையள் எப்படிச் சாப்பிட்டவை?” அவர் நீண்ட நேரம் மௌனமாயிருந்தார். பின், சாவகச்சேரியில் முன்பின் அறியாத ஒரு வீட்டார் தங்கள் விறாந்தையைக் கொடுத்ததையும், மூன்று குடும்பங்களுக்கு ஒரே பானையில் கஞ்சி காய்ச்சியதையும் சொன்னார். சொல்லச் சொல்லக் கண்ணீர் வழிந்தது. பின்னர் தாமாகவே எழுந்து இரண்டு அரிசி மூடைகளை இறக்கினார். அரைக்கும் இயந்திரமும், ஆயுதப் பெட்டியொன்றும், பேணிகளில் பாதியும் அதைத் தொடர்ந்தன.

மறுநாள் காலை காரைத் தொடுத்தனர். இழுவைத் தண்டு, பாதுகாப்புச் சங்கிலிகள், விளக்குகளுக்கான மின்தொடுப்பு, காரின் தடையைத் தானாக இயக்கும் கருவி என ஒவ்வொன்றும் இருமுறை பரிசோதிக்கப்பட்டது. அப்போது மருமகன் சொன்ன ஒரு செய்தி என் மனதில் தங்கிவிட்டது. நான்கு சில்லுகளும் நிலத்தில் உருள ஒரு காரை இவ்வாறு தொடுத்து இழுக்கும்போது பின்னோக்கிச் செலுத்த முடியாதாம். செலுத்தினால் காரின் முன்சில்லுகள் ஒருபக்கமாகத் திரும்பி, தண்டு முறியும். தவறான பாதையில் புகுந்துவிட்டால், முதலில் இறங்கிக் காரைக் கழற்றவேண்டும். அதன் பின்னரே திரும்பலாம்.

நாமும் எத்தனை முறை ஒன்றையும் கழற்றாமலே மனந்திரும்ப முயல்கிறோம்! உறவினரோடு உள்ள பழைய கோபம், காணி வழக்கு, பிறர் தலையில் சுமத்திவிட்டு நமக்குப் பாரமில்லை என்று நாம் எண்ணும் கடமைகள் யாவும் நம் பின்னாலேயே தொடுக்கப்பட்டிருக்கின்றன. பாவசங்கீர்த்தனத் தொட்டி என்பது இறங்கிக் கழற்றும் இடம்.

புறப்படும் வேளையில், அந்தப் பெரியவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய பொலித்தீன் பையை எனக்குக் காட்டினார். வலிகாமம் வடக்கில் அவர் விட்டுவந்த வீட்டின் உறுதி அதனுள் இருந்தது. எங்கு சென்றாலும் அதையும் கொண்டுசெல்வாராம். எடைமேடை அதை உணர்ந்திருக்காது. வாகனத்தில் அதைவிடப் பாரமானது வேறொன்றும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அதை இறக்கும்படி நான் சொல்லவில்லை. சில பாரங்களை மனிதர் சொல்லி இறக்க முடியாது. “புனித அன்னம்மாளின் பீடத்திலை ஒருக்கா வைச்சு எடுங்கோ” என்று மட்டும் சொன்னேன்.

அன்பான குடும்பங்களே, இவ்வாண்டு திருத்தலத்துக்குப் பொதி கட்டும்போது ஒரு கணம் நின்று, இதுவரை எமக்கு எது குறைவுபட்டது என்று பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டுப்பாருங்கள். பயத்தினால் எடுத்தவற்றில் ஒன்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அல்லது, பக்கத்துக் கூடாரத்தில் வெறுங்கையோடு வந்திருப்பவருக்காக அதையே எடுத்துச் செல்லுங்கள். எங்கோ ஒரு விறாந்தையில் உங்களுக்கும் ஒருநாள் கஞ்சி கிடைத்திருக்கும். ஆண்டவர் உங்கள் பயணத்தை ஆசீர்வதிப்பாராக.