லீவு விட்டாச்சு, ஸ்பானிஷ் ஓடிப் போச்சு!

செமஸ்டர் முடிஞ்சு சான் அன்டோனியோல அக்கா வீட்டுல டேரா போட்டிருக்கேன். மூணு வேளை சாப்பாட்டுக்குக் கைம்மாறா அக்கா என் தலையில கட்டின பொறுப்பு: ஆறு வயசு குட்டிம்மாவோட ஸ்பானிஷ் லீவு முடியறதுக்குள்ள காணாமப் போகாம பாத்துக்கணும்.

அவ படிக்கிறது இருமொழிப் பள்ளி. பாடமே ஸ்பானிஷ்லயும் இங்கிலீஷ்லயும் நடக்கும். கியூபாலேர்ந்து குடும்பங்கள் அகதிகளா வந்து இறங்கின காலத்துல, 1963-ல மயாமியோட கோரல் வே பள்ளியில ஆரம்பிச்ச முறை இது. இங்க டெக்சஸ்ல மே கடைசியில பூட்டினா ஆகஸ்ட் நடுவுலதான் திறப்பாங்க. அக்காவுக்கும் அத்தானுக்கும் 'கிராசியாஸ்' தாண்டி ஒரு வார்த்தை தெரியாது.

ஜூன் பாதியிலயே ஆட்டம் கண்டுடுச்சு. பக்கத்து வீட்டு மெக்சிகோ பாட்டி ஏதாவது கேட்டா குட்டிம்மாவுக்குப் புரியுது, ஆனா பதில் இங்கிலீஷ்ல வருது. பாட்டிக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது. ரெண்டு பேரும் உசிரா பழகினவங்க. மார்க்கு போனா போகட்டும், இந்தப் பழக்கம் போகக் கூடாதுங்கறதுதான் என் கவலை.

கவனிச்சதுல ஒண்ணு புரிஞ்சுது. காது லேசுல மறக்காது, நாக்குதான் முதல்ல சோம்பல் படும். ஒர்க்‌ஷீட்டை வாயைத் திறக்காமயே முடிச்சுடலாம். அதனால அதை ஓரங்கட்டிட்டு, ஸ்பானிஷ் பேசினாத்தான் நடக்கும்ங்கற மாதிரி சில வேலை வெச்சேன்.

1. கடை: இங்க பழக்கடையில மாங்காயை நறுக்கி மிளகாய்ப்பொடி, உப்பு, எலுமிச்சை போட்டுத் தருவாங்க. மெரினா பீச் ஞாபகம் வந்துடும்! 'மாங்கோ'ங்கற பேரே நம்ம பக்கத்து மாங்காய்தான், போர்ச்சுகீசியர் வழியா ஸ்பானிஷுக்குப் போனது. ஆர்டர் குட்டிம்மாதான் சொல்லணும், எனக்கும் சேர்த்து.

2. லோத்தேரியா: மெக்சிகோ வீடுகள்ல ஆடற ஆட்டம். நம்ம தம்போலா மாதிரிதான், நம்பருக்குப் பதிலா படம். மொத்தம் 54 சீட்டு, ஆளுக்கு 16 கட்டம் உள்ள அட்டை. காஞ்ச பீன்ஸை வெச்சு அடையாளம் போடணும். எல் காயோ (சேவல்), லா சந்தியா (தர்பூசணி), லா ரானா (தவளை)னு சீட்டைக் கூவறது குட்டிம்மா வேலை. ஸ்பானிஷ்ல எதுக்கு 'எல்', எதுக்கு 'லா'ன்னு சொல்லித் தராமயே நாக்குல ஏறிடுது. பாட்டியும் வந்து உக்காந்துட்டா வீடே அதிரும்.

3. அம்மாவுக்கு டீச்சர்: நூலகத்துல ஸ்பானிஷ் படப் புத்தகம் நிறைய கிடைக்குது. மொழி தெரியாத அக்கா எப்படிப் படிப்பான்னு கேக்கறீங்களா? ஸ்பானிஷ் கிட்டத்தட்ட எழுதினபடியே படிக்கிற மொழி. உயிர் ஒலி அஞ்சே அஞ்சு. நம்ம 'த'வும் 'ஞ'வும் அங்கயும் இருக்கு. ரெண்டு 'ர' வித்தியாசம்தான் கொஞ்சம் படுத்தும்: பெரோன்னா 'ஆனால்', பெர்ரோன்னா நாய். அக்கா மாத்திப் படிச்சா குட்டிம்மா இடுப்புல கையை வெச்சுக்கிட்டுத் திருத்தறா பாருங்க, அடேங்கப்பா! பத்து நிமிஷம் போதும், ஆனா தினமும்.

4. டிவி: ஏற்கெனவே பத்து தடவை பாத்த கார்ட்டூனையே ஸ்பானிஷ் ஆடியோவுக்கு மாத்திடுவேன். கதை தெரிஞ்சதால வார்த்தை தானாப் பிடிபடும். ஆனா இது காதுக்கு மட்டும்தான். நாக்குக்கு மேல சொன்ன மூணும் வேணும்.

"மூணு மொழியைத் திணிச்சா குழந்தை குழம்பாதா? தமிழ் போயிடாதா?"ன்னு போன்ல ஊர்லேர்ந்து பெரியம்மா கேட்டாங்க. "அம்மா, ஆகுவா வேணும்"னு தண்ணி கேக்கறதைக் குழப்பம்னு நான் நினைக்கலை. கைக்கு முதல்ல கிடைச்ச வார்த்தையை எடுத்துக்கறா, அவ்ளோதான். வீட்டுக்குள்ள தமிழ், பாட்டிகிட்ட ஸ்பானிஷ்னு ஆளை வெச்சே மொழியைப் பிரிச்சுட்டோம். தமிழுக்கும் இதே விதிதான். பேச ஆள் இல்லாத மொழியை எந்த வகுப்பும் காப்பாத்தாது.

இப்போ எப்படின்னா, இலக்கணம் இன்னும் நொண்டுது. திருத்தறதில்லை, பேசட்டும்னு விட்டுட்டேன். ஆகஸ்ட்டுக்குள்ள ஒரு கதையை முழுசா ஸ்பானிஷ்ல சொல்ல வெச்சுடணும்னு ஆசை.

பாரிஸ், பெர்லின் பக்கம் இருக்கற மக்கா, ரெண்டு மாசம் ஊருக்குப் போயிட்டு வந்தா உங்க வாண்டுகளுக்குப் பள்ளி மொழி தங்குதா? என்ன வித்தை பண்றீங்கன்னு கொஞ்சம் எழுதுங்களேன், புண்ணியமாப் போகும் :-)