ஈரக் காட்டு வழியில் மிதிவண்டிப் பயணம்

மிதிவண்டி நம் குடும்பங்களுக்குப் புதிய பொருளன்று. 1949ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் வண்டிகளைச் செய்யத் தொடங்கிய நாள்முதல், தமிழகத்து உழைப்பாளியின் துணையாக அது விளங்கி வந்துள்ளது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்று, எவரையும் எதிர்பாராமல் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் சென்று வரும் உரிமையை அடைந்ததையும் நாம் அறிவோம்.

இன்றோ, மிதிவண்டி வேறொரு கோலத்தில் நம் இல்லங்களுக்குள் நுழைந்துள்ளது. தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் எனத் தொழிற்சாலைகள் நிறைந்த இப்பகுதியில் வேலை பார்க்கும் இளைஞர், பருத்த டயரும் பல கியர்களும் கொண்ட மலை மிதிவண்டியை வாங்கி, விடுமுறை நாளில் நண்பர்களுடன் காட்டு வழி தேடிப் புறப்படுகின்றனர். அதிலும் மழை பெய்து ஓய்ந்த நாளே அவர்களுக்கு மிக விருப்பமானது. "சாமி, இது தேவைதானா? போகவிடலாமா, தடுக்கலாமா?" என்று பெற்றோர் நம்மிடம் வினவுகின்றனர். இவ்வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூறுதல் இயலாது. ஆதலின் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

இவ்விளையாட்டின் பிறப்பிடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே டமல்பைஸ் என்னும் மலை உள்ளது. 1970களில் அவ்வூர் இளைஞர், எவரும் விரும்பாத பழைய பருத்த டயர் வண்டிகளைச் சிறு விலைக்கு வாங்கிச் செப்பனிட்டு, அம்மலையின் மண் பாதைகளில் இறங்கி விளையாடினர். 1976இல் அங்கு நடத்திய பந்தயத்திற்கு 'ரீபேக்' என்று பெயரிட்டனர். அதன் பொருள் 'மீண்டும் திணித்தல்' என்பதாம். செங்குத்தான இறக்கத்தில் பின்சக்கர பிரேக் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் எரிந்து புகைந்துவிடுமாம். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் திணிக்க வேண்டியிருந்ததால் இப்பெயர் வந்தது. மறு ஆண்டே ஜோ பிரீஸ் என்பவர் மலை வழிக்கென்றே தனிச் சட்டம் அமைத்து வண்டி செய்தார். இருபது ஆண்டுகளுக்குள், 1996இல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவே இடம் பெற்றது. பழைய இரும்பும் நல்ல நட்பும் கைத்திறனும் சேர்ந்து உருவாக்கிய விளையாட்டு இது என்பதைக் கருதின், இதனை வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிட இயலாது.

முதலாவதாக, எங்கே செல்வது என்பதே கேள்வி. நம் பகுதிக்கு அண்மையில் வண்டலூர்க் காப்புக்காடு உள்ளது; தொலைவில் நீலகிரியும் ஏலகிரியும் கொல்லிமலையும் உள்ளன. காடு எவருக்கும் திறந்த வெளியன்று. 1882ஆம் ஆண்டின் வனச் சட்டமும் 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் அனுமதியின்றி நுழைவதைக் குற்றம் என்கின்றன. இது அதிகாரிகளின் பிடிவாதம் என்று இளைஞர் எண்ணுவதுண்டு. அவ்வாறன்று என்பதைக் குரங்கணி நமக்குக் கண்ணீரோடு கற்பித்தது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணிக்கு மேலுள்ள மலையில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரு குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் சென்ற அவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் நம் பிள்ளைகளைப் போன்ற இளம் வயதினர். நல்ல வேலையில் இருந்தோர். விடுமுறை நாளை நல்ல முறையில் கழிக்க விரும்பியோர். அவ்வழிக்கு அனுமதி பெறப்படவில்லை என்று அரசு அப்போது தெரிவித்தது. அனுமதி என்பது வெறும் தாளன்று. எத்தனை பேர் எந்த வழியில் உள்ளே சென்றுள்ளனர் என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தால்தான், தீயோ வெள்ளமோ வரும்போது எச்சரிக்கவும் தேடிச் செல்லவும் இயலும். அவ்வாண்டிலேயே தமிழக அரசு மலையேற்றத்திற்கென விதிகளை வகுத்தது. 2024இல் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 வழிகளைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டியுடன் செல்லும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அவை நடந்து செல்வோருக்கானவை. அந்த அனுமதியைக் கொண்டு மிதிவண்டியை உள்ளே உருட்டிச் செல்லலாகாது. வண்டிக்கென்று தனியே கேட்டு, இசைவு கிடைத்தால் மட்டுமே செல்க. கிடைக்காவிடில் ஊர்ப்புறத்து வண்டிப்பாதைகளும் தோப்புகளின் ஓரத்து மண் வழிகளும் உள்ளன. உரியவரிடம் ஒரு சொல் கேட்டுச் சென்றால் அவையே நல்ல பள்ளிக்கூடமாகும்.

அடுத்து, ஈரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். உலர்ந்த மண்ணில் டயர் பற்றிக்கொள்ளும்; நனைந்த வேரிலும் பாசி படிந்த பாறையிலும் அது வழுக்கும். வேரைச் சாய்வாகக் கடப்பவன் விழுவான். நேர்க்குறுக்காகக் கடப்பவன் தப்புவான். இறக்கத்தில் இரு மிதிக்கட்டைகளையும் சம உயரத்தில் வைத்து, இருக்கையிலிருந்து எழுந்து, உடலின் பாரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுதல் முறை. பிரேக்கை வளைவுக்கு முன்பே மெல்லப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்; வளைவின் நடுவில் முன் பிரேக்கை இறுகப் பிடித்தால் முன்சக்கரம் நழுவி, ஓட்டுபவன் மண்ணில் கிடப்பான். சக்கர வளையத்தைப் பற்றும் பிரேக் கட்டைகள் நனைந்துவிட்டால் வண்டி நிற்க நெடுந்தொலைவு பிடிக்கும். டயரில் காற்றைச் சிறிதளவு குறைத்துக்கொண்டால் மண்ணில் பிடிப்பு மிகும். தலைக்கவசமோ எந்நாளும் இன்றியமையாதது.

மழை மேகம் கருத்தால் திரும்பிவிடுதலே அறிவுடைமை. மலை ஓடையில் நீர் கலங்கி ஏறத் தொடங்கினால் அதைக் கடக்க முயலலாகாது. இடி இடிக்கும்போது தனி மரத்தடியில் ஒதுங்குதல் கூடாது. கையில் சிராய்ப்பு இருப்பவன் தேங்கிய நீரில் அளைந்தால் எலிக்காய்ச்சல் பற்றக்கூடும். வீடு திரும்பியதும் புண்ணைச் சோப்பிட்டுக் கழுவி, பின்னர் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் தான் சென்று வந்த இடத்தையும் சொல்லுதல் நலம். பாம்பு கடித்தால் கீறுவதோ இறுகக் கட்டுவதோ வேண்டாம். கடிபட்டவரை அசையாதிருக்கச் செய்து, 108க்கு அழைத்து மருத்துவமனை சேர்ப்பதே வழி.

மூன்றாவதாக, குழு என்பது என்ன? பத்து வண்டிகள் ஒரே நாளில் ஒரே வழியில் ஓடினால் மட்டும் அது குழுவாகிவிடாது. வழி அறிந்த ஒருவர் முன்னே செல்ல வேண்டும். பொறுப்புள்ள ஒருவர் எல்லார்க்கும் கடைசியில் வரவேண்டும். வழி பிரியும் ஒவ்வோர் இடத்திலும் அனைவரும் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். எல்லாருக்கும் பின்தங்குபவனின் வேகமே குழுவின் வேகம். இவ்விதியை இளைஞர் மனமார ஏற்பது அரிது. ஏனெனில் வேகமே அவர்களுக்கு இன்பம். எனினும் காட்டில் தனித்து விடப்பட்டவனுக்குச் சிறு பஞ்சரும் பெருந்துன்பமாகும் என்பதை ஒருமுறை எடுத்துச் சொன்னால் உணர்ந்துகொள்வார்கள்.

நம் பகுதிக்கே உரிய வேறோர் ஆபத்தும் உண்டு. இரவு ஷிப்டு முடித்து, உறங்காமலே விடியற்காலையில் புறப்படும் வழக்கம் அது. உறக்கமற்ற உடலில் கண்ணும் கையும் ஒத்துழைக்கா. லாரிகள் விரையும் பெங்களூர் நெடுஞ்சாலையைக் கடந்தே அவர்கள் காட்டை அடைய வேண்டும். ஈரக் காட்டைவிட இச்சாலையே கொடியது. பெற்றோரே, உங்கள் மகனைத் தடுக்க வேண்டிய நாள் இதுவே; மற்ற நாட்களில் அன்று.

காட்டுக்கும் நாம் செய்ய வேண்டிய கடமை உண்டு. நனைந்த மண் மென்மையானது. டயர் உழுத தடத்தில் மழைநீர் ஓடி, மண்ணை அரித்துக்கொண்டு போகும். சேற்றைத் தவிர்க்க எண்ணிப் பாதையின் ஓரத்தில் ஓட்டினால், ஒற்றையடி வழி ஆண்டுதோறும் அகன்று, இளஞ்செடிகள் மாயும். ஆகவே சேறு இருப்பின் அதன் நடுவிலேயே செல்க. சக்கரம் ஆழப் பதியுமாயின் திரும்பிவிடுக. நீலகிரியின் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் மழையைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக விடுவதால்தான் பவானியில் கோடையிலும் நீர் காண்கிறோம். அந்த மண்ணைச் சிதைப்பவன், கீழே வாழும் உழவனின் வயிற்றில் அடிக்கிறான்.

நிறைவாக நாம் கூறுவது இதுவே. நாள் முழுதும் இயந்திரத்தின் ஓசையில் நிற்கும் இளைஞனுக்கு, மழையில் நனைந்த மரங்களிடையே நண்பரோடு கழியும் ஒரு பகற்பொழுது மதுக்கடையைவிடவும் கைப்பேசித் திரையைவிடவும் ஆயிரம் மடங்கு நல்லது. அவனைத் தடுக்காதீர்கள். ஆனால் புறப்படும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: அனுமதி உண்டா? உடன் வருவோர் யாவர்? நேற்றிரவு உறங்கினாயா? எந்நேரத்திற்குள் திரும்புவாய்? இந்நான்கிற்கும் தயங்காமல் விடை கூறுபவனை மனமகிழ்ந்து வழியனுப்புங்கள். மாலையில் அவன் சேறு படிந்த ஆடையோடு வாயிலில் வந்து நிற்கும்போது கடிந்துகொள்ளாமல், வெந்நீரும் சூடான உணவும் கொடுத்து, கண்டுவந்தவற்றைக் கேளுங்கள்.