வலி வரும் வரை காத்திருக்க வேண்டாம்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் முன்நிலையை அறிந்துகொள்வோம்

நோய் வந்தால் மருத்துவரிடம் போவோம். நன்றாக இருக்கும்போது எதற்குப் போக வேண்டும்? நம்மில் பலருடைய எண்ணம் இதுதான். காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் இந்தக் கணக்கு ஓரளவு சரி வரும். புற்றுநோய்க்குச் சரி வராது. பல புற்றுநோய்கள் உருவாவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே உடலில் ஒரு மாற்றம் தொடங்கிவிடுகிறது. அதைத்தான் மருத்துவர்கள் 'புற்றுநோய் முன்நிலை' என்கிறார்கள். அது இன்னும் புற்றுநோய் ஆகவில்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் ஆகக்கூடும்.

புகையிலை, பாக்கு போடுபவர்களின் வாயில் தேய்த்தாலும் போகாமல் நிற்கும் வெள்ளைத் திட்டு ஒரு முன்நிலை. பெருங்குடலின் உட்சுவரில் வளரும் சிலவகைப் பாலிப் கட்டிகளும் முன்நிலையே. பெண்களின் கர்ப்பப்பை வாயில் ஏற்படும் முன்நிலை மாற்றத்தைப் பற்றி இங்கே விரிவாகப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறக்குறைய 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தது; சுமார் 80,000 பேர் இறந்தார்கள். இவற்றில் பெரும்பாலானவை முன்கூட்டியே தடுத்திருக்கக் கூடியவை என்பதுதான் வேதனை.

மாற்றம் எப்படி நடக்கிறது?

இந்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது எச்.பி.வி. என்ற வைரஸ். இதைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்திய உறவின் மூலம் பரவும் இந்தக் கிருமி மிகச் சாதாரணமானது. பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே இதை வென்றுவிடும். சிலருக்கு மட்டும் கிருமி விலகாமல் தங்கிவிடுகிறது. அப்போது கர்ப்பப்பை வாயில் உள்ள செல்கள் மெல்ல உருமாறுகின்றன. லேசான மாற்றம் பெரும்பாலும் தானே மறைந்துவிடும். தீவிரமான மாற்றமே ஆபத்தானது. கிருமி தொற்றியதிலிருந்து புற்றுநோய் வரை செல்லப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இது இன்னும் விரைவாக நடக்கலாம்.

இத்தனை ஆண்டுகளிலும் வலி இருக்காது. பெரும்பாலும் வேறு அறிகுறியும் இருக்காது. "எனக்கு ஒன்றும் இல்லையே" என்று ஒரு பெண் சொல்லும் அந்தக் காலம்தான், சோதித்துப் பார்த்துத் தடுத்துக்கொள்ள வேண்டிய காலம்.

சிகிச்சை தராமல் விட்டால்?

இதற்கு நியூசிலாந்தில் கசப்பான விடை கிடைத்தது. ஆக்லாந்து நகரின் தேசிய மகளிர் மருத்துவமனையில் 1960களில், தீவிர முன்நிலை மாற்றம் புற்றுநோயாக மாறாது என்று கருதி, பல பெண்களுக்கு முழுமையான சிகிச்சை தராமல் வெறுமனே கண்காணித்து வந்தார்கள். அந்தப் பெண்களுக்கு இது சொல்லப்படவும் இல்லை. செய்தி வெளியே வந்து, 1987இல் அரசு விசாரணை தொடங்கியது. பின்னர் 2008இல் வெளியான ஆய்வு, சிகிச்சை தராமல் விடப்பட்டவர்களில் 30 ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 31 பேருக்குப் புற்றுநோய் வந்ததைக் காட்டியது. போதிய சிகிச்சை பெற்றவர்களிடம் இது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. முன்நிலையிலேயே சிகிச்சை பெறுவதன் பயனை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

என்னென்ன பரிசோதனைகள்?

மூன்று வகைகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது பாப் ஸ்மியர். கர்ப்பப்பை வாயிலிருந்து சில செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இரண்டாவது, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. பரிசோதனை. உலக சுகாதார நிறுவனம் இப்போது முதன்மையாகப் பரிந்துரைப்பது இதைத்தான். பொதுவாக 30 வயதில் தொடங்கி, 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொண்டால் போதும். இந்தப் பரிசோதனைக்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கவும் வழி உண்டு.

மூன்றாவது மிக எளியது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்த்த அளவில் கர்ப்பப்பை வாயில் தடவி, சுமார் ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். ஆய்வகம் தேவையில்லை, பயிற்சி பெற்ற செவிலியரே செய்துவிடலாம்.

இது பயன் தருமா என்ற கேள்விக்கு நம் திண்டுக்கல் மாவட்டமே பதில் சொன்னது. 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையிலான 31,000க்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்களுக்குச் செவிலியர்கள் ஒரே ஒரு முறை இந்தப் பரிசோதனையைச் செய்தார்கள். மாற்றம் இருந்தவர்களுக்குச் சிகிச்சையும் கிடைத்தது. வழக்கமான மருத்துவ வசதி மட்டும் இருந்த பகுதிகளோடு ஒப்பிட்டபோது, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்தப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேர்ந்த மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 2007இல் இந்த முடிவுகள் வெளியாயின.

ஆனால் 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இந்தப் பரிசோதனையை ஒருமுறையேனும் செய்திருக்கவில்லை. இந்திய அளவில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

தடையாக இருப்பவை

முதல் தடை வெட்கம். பரிசோதனை செய்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. தயங்காமல் கேட்கலாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். சற்று அசௌகரியம் இருக்குமே தவிர, பெரிய வலி இருக்காது.

இரண்டாவது பயம். பரிசோதனையில் 'மாற்றம் இருக்கிறது' என்று வந்தால் புற்றுநோய் என்று பொருள் அல்ல. மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். தேவைப்பட்டால், மாறிய பகுதியை மட்டும் உறையவைத்தோ, வெப்பத்தால் சுட்டோ, வெட்டியெடுத்தோ நீக்குவார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். இதற்காகப் பொதுவாகக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. இனி பிள்ளை பெற விரும்புபவர்கள் அதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். இந்த இடத்தில் பயந்து மருத்துவமனைக்குத் திரும்பாமல் இருப்பதுதான் உண்மையான ஆபத்து.

மூன்றாவது சந்தேகம். இந்தக் கிருமி எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. பல ஆண்டுகள் வெளித்தெரியாமல் இருக்கக்கூடிய கிருமி இது. எனவே இதை வைத்துக் கணவனோ மனைவியோ ஒருவரையொருவர் குறை சொல்வதில் அர்த்தமே இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

30 வயதைத் தாண்டிய மணமான சகோதரிகள் அருகில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மகப்பேறு மருத்துவரிடமோ இந்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மாதவிடாய் இல்லாத நாளில் செல்லுங்கள். முடிவைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சிகிச்சை பெற்றவர்கள் மருத்துவர் சொன்ன தேதியில் மீண்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இதற்கான தடுப்பூசி உண்டு. ஆனால் ஊசி போட்டவர்களும் உரிய வயதில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

தாம்பத்திய உறவுக்குப் பின் இரத்தக் கசிவு, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால் முகாம் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நம் வீடுகளில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசித் தேதி தவறாமல் நினைவில் இருக்கிறது. பெரியவர்களின் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளும் நினைவில் இருக்கின்றன. இவற்றையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் தாய்மார்களின் பரிசோதனைதான் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கணவன்மார்களே, பிள்ளைகளே, இந்த மாதமே அவர்களை அழைத்துச் செல்லுங்கள்.