சன்ரூஃப் கேட்டது யார்?

சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை பக்கம் போகும்போது, எதிரே வரும் கார் கேரியரைப் பார்த்ததும் எண்ண ஆரம்பிக்காதவர் உண்டா? மேல்தட்டில் மூன்று வெள்ளை, கீழே ஒரு சிவப்பு, பின்னால் ஒரு கறுப்பு! எனக்கு அதைப் பார்த்தாலே உற்சாகம் பிய்த்துக்கொள்ளும். ஜனங்களுக்கு என்ன கார் வேண்டும் என்ற மாபெரும் பஞ்சாயத்தின் தீர்ப்பு அந்த லாரியில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

வாங்க, தீர்ப்பு எழுதப்படும் இடத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

அசெம்பிளி லைனில் ஒரே மாதிரி கார்கள்தான் வரிசையாக வரும் என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் முதல் ஆச்சரியம். முன்னால் போவது பெட்ரோல், பின்னால் வருவது டீசல். இதற்கு ஸ்டீயரிங் வலது பக்கம். அடுத்ததற்கு இடது பக்கம், ஏனென்றால் அது கப்பல் ஏறப்போகிறது! எந்த வண்டிக்குப் பிறகு எந்த வண்டி வருகிறதோ, அதே வரிசையில் சீட்டுகளை அடுக்கி அனுப்புவார்கள் சீட் கம்பெனிக்காரர்கள். கண்ணாடிக்கு ஸ்ரீபெரும்புதூரிலேயே செயின்ட் கோபைன், டயருக்குப் பக்கத்து ஒரகடத்திலேயே அப்போலோ. எல்லாம் பூட்டி முடித்ததும் வண்டிக்கு ஷவர் டெஸ்ட். நாலா பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி, எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். நம் ஐப்பசி மழைக்கு ஒத்திகை!

ஆக, எதைச் சொன்னாலும் செய்து தரக்கூடிய ஆலைகள் இவை. எதைச் செய்வது என்று சொல்வது யார்?

1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் ஹூண்டாய் முதலில் செய்தது சான்ட்ரோ. சின்ன கார் என்றால் மாருதி 800, ஜென் என்று பழகிய கண்களுக்கு அந்த உயரம் விசித்திரமாக இருந்தது. உயரமான கார் கொடுங்கள் என்று யாரும் மனுப் போடவில்லைதான். ஆனால், ஷோரூமில் கதவைத் திறந்து, குனியாமல் ஏறி, தலை இடிக்காமல் உட்கார்ந்து பார்த்தார்கள். கேட்கத் தெரியாத ஒன்று கைக்கு வந்ததும் இதுதான் வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

இப்போது வண்டியை ஒரகடத்துக்குத் திருப்புங்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை இங்கேதான் இருக்கிறது. 2010-ல் ரெனால்ட்டும் நிஸ்ஸானும் கூட்டாகத் திறந்த ஆலை. முதல்முறை கார் வாங்குபவர்களுக்காக, பழைய டாட்சன் பெயரைத் தூசி தட்டி எடுத்து, 2014 மார்ச்சில் ‘கோ’வை இறக்கியது நிஸ்ஸான். ஆரம்ப விலை 3.12 லட்சம் ரூபாய். மியூசிக் சிஸ்டத்துக்குப் பதில் செல்போனைச் செருக ஒரு ஸ்டாண்டு. ஏறி உட்கார்ந்ததுமே, உங்கள் பட்ஜெட் இவ்வளவுதானே என்று கார் சொல்லிவிடும்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதே ஆலையிலிருந்து ரெனால்ட் க்விட். ஆரம்ப விலை 2.56 லட்சம். அந்த விலைக்குள் இப்படி ஒரு காரா! எஸ்யூவி போல நிமிர்ந்த மூக்கு, 180 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், 300 லிட்டர் டிக்கி, உயர்ந்த வேரியன்ட்டில் 7 அங்குல டச் ஸ்கிரீன். சென்னையிலேயே தங்கி இந்தக் காரை உருவாக்கிய ஜெரார் டெட்டுர்பே, பணத்தை எங்கே மிச்சம் பிடித்தார் தெரியுமா? சக்கரத்தைப் பாருங்கள், நாலு நட் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான்! கண்ணில் படாத இடத்தில் மிச்சம், கண்ணில் படும் இடத்தில் செலவு.

இன்னும் சுவாரசியம் பாக்கி இருக்கிறது. 2016-ல் டாட்சன் ‘ரெடி-கோ’ வந்தது. க்விட்டின் அதே அடித்தளம், அதே 800 சிசி என்ஜின், அதே ஒரகடம். விலை மட்டும் குறைவு, 2.38 லட்சம். கணக்குப்படி ஜெயிக்க வேண்டியது அதுதானே? 2021-க்குள் விற்பனையில் 4 லட்சத்தைத் தாண்டியது க்விட். டாட்சனோ 2022-ல் கடையைக் கட்டியது. விலை குறைந்த கார் ஜனங்களுக்கு வேண்டும். ஆனால் ‘மலிவான கார்க்காரர்’ என்ற பெயர் யாருக்கும் வேண்டாம். அதில் ஒரு தப்பும் இல்லை. பத்து வருஷம் சேமித்து வாங்குகிறவருக்கு, தெருவில் நிறுத்தும்போது பெருமையும் வேண்டும்தானே!

இதே ஆலையிலிருந்து 2012-ல் வந்த ரெனால்ட் டஸ்டரின் கதை வேறு. பின்சீட்டுக்கும் ஏசி வைத்து நம் குடும்பத்தைக் குளிர்வித்தது. பிறகு அதன் இரண்டாம் தலைமுறையை இங்கே கொண்டு வராமலே விட்டுவிட்டார்கள். இதற்கிடையே 2015-ல் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கிரெட்டா கிளம்பியது. 2024 பிப்ரவரிக்குள் இந்தியாவில் மட்டும் 10 லட்சம் விற்பனை! 2020-ல் அதற்குக் கூரை முழுக்கச் சன்ரூஃப் வந்தது. 2023-ல் வந்த எக்ஸ்டரிலோ வாயால் சொன்னால் சன்ரூஃப் திறக்கிறது. சென்னை வெயிலில் இது எதற்கு என்று கேட்பவர்கள், பின்சீட்டுக் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள். (ஓடும் வண்டியில் தலையை வெளியே நீட்ட மட்டும் விடாதீர்கள்.) எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்டர் சிஎன்ஜி. ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்ன சிலிண்டர்களை டிக்கியின் தரைக்கடியில் படுக்க வைத்து, ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு டிக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். டாடா முதலில் செய்து காட்டிய வித்தைதான், ஆனாலும் கைதட்டலாம்.

ஆனால், ஷோரூமில் யாருமே கேட்காத ஒன்று இருந்தது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2014-ல் ‘கோ’வுக்குப் பூஜ்ஜிய நட்சத்திரம். 2016-ல் க்விட்டுக்கும் பூஜ்ஜியம். கண்ணில் படாத இடத்தில் மிச்சம் பிடித்தால் இந்த ஆபத்தும் கூடவே வருகிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வாங்குபவர் கேட்கவில்லை என்பதை ஒரு பதிலாக நான் ஏற்கவே மாட்டேன். பாடியின் பலத்தை டெஸ்ட் டிரைவில் எப்படிப் பார்க்க முடியும்? சோதனை முடிவுகள் ஊரறிய வந்த பிறகுதான் ஜனங்கள் நட்சத்திரத்தை எண்ண ஆரம்பித்தார்கள். 2023 அக்டோபரில் நம் நாட்டின் சொந்தச் சோதனையான பாரத் என்கேப் தொடங்கியது. அதே மாதம் ஹூண்டாய் தன் எல்லா மாடல்களிலும் 6 ஏர்பேக் என்று அறிவித்தது. பூஜ்ஜியம் வாங்கிய அதே ஒரகடத்து ஆலையின் நிஸ்ஸான் மேக்னைட், 2025-ல் அதே குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கியது. துள்ளிக் குதிக்கலாம்!

ஒரகடத்தில் இன்னொரு கேட்டும் இருக்கிறது. 2012 முதல் பாரத்பென்ஸ் லாரிகள் வெளியே வருகிற டைம்லர் ஆலை. லாரிக்கு வாடிக்கையாளர் யார்? பணம் கட்டுபவர் முதலாளி; அதில் நாள் முழுக்க வேகிறவர் ஓட்டுநர். ஏசி கேபின் செய்யும் திறமை கம்பெனிகளிடம் எப்போதோ இருந்தது. ஆனால் ஆர்டர் கொடுக்கும் பேனா ஓட்டுநரிடம் இல்லையே! கடைசியில் சட்டம்தான் அவருக்காகப் பேச வேண்டியிருந்தது: புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் 2025-லிருந்து ஏசி கேபின் கட்டாயம். அடுத்து, கம்பெனிக்காரர்களே, கேபினுக்குள் இருக்கும் படுக்கையின் நீளத்தையும் சீட்டின் மெத்தையையும் முடிவு செய்யும் முன், ஒரகடம் லாரி நிறுத்தத்துக்கு ஒரு டேப்போடு வந்து, அங்கே தூங்கிக்கொண்டிருப்பவர்களை எழுப்பிக் கேளுங்கள்.