விருப்பத்தை அளக்கும் தாள்

சர்வகலாசாலை மாணவரைக் கண்டதும் "படிப்பு முடிந்தபின் என்ன உத்தியோகம்?" என்று வினவுவது நம்மவர் வழக்கம். பரீட்சைப் புள்ளிகளைக் கொண்டு விடை கூறுவாரும் உளர். சாதகத்தைப் பார்த்துக் கூறுவாரும் உளர். மாணவரின் மனப்போக்கையே அளந்து விடை காண முயன்றவர், அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையின் உளநூற் பேராசிரியர் எட்வர்ட் ஸ்ட்ரோங்.

1927 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட தாளில் சுமார் 400 வினாக்கள் இருந்தன. தொழில்கள், பாடங்கள், பொழுதுபோக்குகள் எனப் பலவற்றைக் கூறி, இது உமக்கு விருப்பமா, வெறுப்பா, இரண்டுமில்லையா என்றே அது கேட்டது. சரி, பிழை என்ற பேச்சே அங்கில்லை.

அங்ஙனமாயின் புள்ளியிடுவது எப்படி? பொறியியலாளர் பலரிடம் இதே தாளைக் கொடுத்து, அவர்தம் விடைகளை ஏனையோர் விடைகளோடு ஒப்பிட்டார் ஸ்ட்ரோங். பொறியியலாளரில் நூற்றுக்கு 60 பேர் சங்கீதத்தை விரும்ப, ஏனையோரிலும் 60 பேர் விரும்புகின்றனர் எனக் கொள்வோம், அவ்வினாவாற் பயனில்லை. இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதில் 80க்கு 40 என வேறுபாடு தோன்றினால், அங்கே புள்ளி உண்டு. இவ்வாறு கூட்டிய தொகை, மாணவனின் விருப்பங்கள் பொறியியலாளரின் விருப்பங்களை எவ்வளவு ஒத்தன என்பதை மட்டுமே காட்டும். அவனுக்குக் கணிதம் வருமா என்பதை அது சொல்லாது. பெற்றோர் பலரும் (ஆசிரியர் சிலருங்கூட) இவ்விரண்டையும் ஒன்றெனவே மயங்குவர்.

1927 முதல் 1930 வரை இத்தாளை எழுதிய மாணவருள் 663 பேரிடம் 1949 இல் மீண்டும் அதனைக் கொடுத்து, முடிவை 1955 இல் நூலாக வெளியிட்டார். இளமையில் காட்டிய விருப்பங்கள் பெரும்பாலும் நிலைத்திருந்தன.

ஆனால் இவ்வளவுகோல், ஒரு தொழிலில் ஏற்கெனவே இருப்போரைக் கொண்டு ஆக்கப்பட்டது. அத்தொழிலிற் புக இடம்பெறாதவரை அது எங்ஙனம் அளக்கும்? 1933 இல் பெண்களுக்கெனத் தனித்தாள் ஒன்று வெளிவந்தது. "இல்லத்தரசி" என்பதும் அதில் ஒரு தொழிலாக இடம்பெற்றது. ஆடவர்க்குரியனவாகக் கருதப்பட்ட தொழில்களை நாடிய மாணவியர் சிலர் ஆடவர் தாளையே எழுத வேண்டியதாயிற்று. ஆணைப்போல விடையளித்தாளா என்பதே அங்கு அவளுக்குரிய அளவு!

1974 இல் இரு தாள்களும் ஒன்றாயின. எனினும் அதன் பின்னரும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அளவுகளாலேயே புள்ளியிட்டனர். ஒரே தொழிலிலுள்ள ஆணும் பெண்ணும் பல வினாக்களுக்கு ஒன்றுபோல விடையளிக்கவில்லை.