தாத்தாவின் நெற்றித் தழும்பும் என் கணினிப் பாடமும்

"படத்தை நானே சரிசெய்து தருகிறேன் பாட்டி" என்று வாக்குக் கொடுத்தபோது எனக்கு அந்த வேலையில் அரிச்சுவடிகூடத் தெரியாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது பல்கலைக்கழகம். இத்தனை படித்தும், கைப்பேசியில் படத்தை வெட்டுவதோடு என் திறமை முடிந்துவிடும். பாட்டியிடம் இருந்ததோ தாத்தாவின் ஒரே படம். தோட்டத்து வீட்டின் முன் அவர் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். தாமான் வீட்டுக்கு மாறிய பிறகு ஈரம் பட்டு, வெள்ளைப் புள்ளிகள் பூத்து, நடுவே ஒரு மடிப்பும் விழுந்திருந்தது.

மாதக் கட்டணம் கட்டி ஃபோட்டோஷாப் பயன்படுத்தக் கல்விக் கடன் பணம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே, கிம்ப் என்ற இலவச மென்பொருளைப் பதிவிறக்கம் செய்தேன். 1996இல் இதை முதன்முதலாக வெளியிட்ட ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் இருவரும் அப்போது பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். நம்மைப் போன்ற மாணவர்கள் செய்ததுதானே என்று துணிந்து இறங்கினேன்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. முதல் இரவே ஒளியைக் கூட்டினேன், புள்ளிகளை அழித்தேன், முகத்தையும் மழமழவென்று ஆக்கினேன். ஸ்கேன் செய்த கோப்பின் மேலேயே அதைப் பதிந்தும் விட்டேன். விடுமுறையில் வீட்டுக்குப் போய்க் காட்டியபோது பாட்டி நெடுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, நெத்தியில இருந்த வெட்டு எங்க? இது யாரோ மாதிரி இருக்காரே!"

தாத்தா பால்மரம் வெட்டப் போனபோது காய்ந்த கிளை முறிந்து விழுந்த காயமாம் அது. தாளில் விழுந்த கீறல் என்று நினைத்து நான் அழித்திருந்தேன். நல்லவேளையாகத் தாள் படம் பாட்டியிடமே இருந்தது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை நான் கற்றவை இவை:

முதலாவது, அசலைத் தொடக்கூடாது. அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்தேன். 3க்கு 5 அங்குலப் படம் 1,800க்கு 3,000, அதாவது 5.4 மில்லியன் புள்ளிகளாகக் கணினிக்குள் வந்தது. அதை டிஃப் கோப்பாக வைத்தேன். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திப் பதியும்போது ஒவ்வொரு முறையும் நுட்பங்கள் சிறிது சிறிதாகக் குறைந்து போகும்.

இரண்டாவது, லேயர். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை நிலவரைபடத்தின் மேல் கண்ணாடித்தாளை வைத்து ஆறுகளை வரைந்து காட்டுவார். தாளை எடுத்துவிட்டால் வரைபடம் பழையபடியே இருக்கும். லேயரும் அப்படித்தான். திருத்தங்களை எல்லாம் தனி லேயரில் செய்தால், தவறானதை மட்டும் நீக்கிவிடலாம்.

மூன்றாவது, ஏற்ற கருவி. குளோன் கருவி ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து வைக்கும். ஹீல் கருவி அதைச் சுற்றியுள்ள நிறத்திற்கும் ஒளிக்கும் ஏற்ப இணைத்துவிடும். சுவர், வானம் போன்ற பகுதிகளுக்கு ஹீல் பொருந்தும். சட்டை ஓரம் போன்ற கூர்மையான விளிம்பில் அது கலங்கலாகிவிடும். அங்கே குளோன்தான் நல்லது.

நான்காவது, ஒளி. கறுப்பு 0, வெள்ளை 255. மங்கிய படத்தில் எல்லாப் புள்ளிகளும் நடுவில் குவிந்திருக்கும். லெவல்ஸ் பகுதியில் இரு முனைகளையும் அந்தக் குவியலின் ஓரம் வரை நகர்த்தினால் போதும். அதற்கும் மேல் நகர்த்தினால் வெளிச்சமான இடங்கள் எல்லாம் 255 ஆகி, வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் காணாமல் போய்விடும்.

இவ்வளவும் கற்ற பிறகும் ஒரு கேள்விக்கு மென்பொருளிடம் விடை இல்லை: இது தாளுக்கு வந்த காயமா, தாத்தாவுக்கு வந்த காயமா? அதனால் மடிக்கணினியோடு பாட்டியின் பக்கத்தில் அமர்ந்தேன். ஒவ்வொரு புள்ளியையும் தொடும் முன் அவரிடம் கேட்டேன். சட்டைப் பையருகே இருந்த கறையை அழிக்கப் போனபோது, "அது பால் கறை, இருக்கட்டும்" என்றார். தாத்தா முகம் எனக்கு அன்றுதான் அறிமுகமானது.

படம் இப்போது பாட்டியின் அறையில் தொங்குகிறது. மடிப்பு இல்லை, புள்ளிகள் இல்லை. நெற்றியில் தழும்பு இருக்கிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு படம் இருக்கக்கூடும். மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். எதை அழிக்கக்கூடாது என்று சொல்லக்கூடியவர் பக்கத்தில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.